வறண்ட நிலமும் திரள்நிதியும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தின் பொதுநிதி வரலாறு

திரள்நிதி என்பது ஒரு பணிக்கு வேண்டிய தொகையைப் பலரிடமிருந்து சிறுசிறு பங்குகளாகத் திரட்டும் முறையாகும். இன்று இச்சொல் பெரும்பாலும் இணையத்தளங்கள் வழியாக நடைபெறும் நிதி திரட்டலைக் குறிக்கிறது. மரம் வளர்த்தல், மழைநீரைத் தேக்குதல், மண்வளம் காத்தல் ஆகியவற்றை ஒரே திட்டமாக இணைக்கும் பெர்மாகல்ச்சர் எனப்படும் நிலைபேறு வேளாண்மைப் பணிகளுக்கும் இவ்வகைத் தளங்கள் உலகின் பல பகுதிகளில் பயன்பட்டுள்ளன. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் இம்முறைக்கு ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு. கண்மாய்ப் பராமரிப்பு, குடிமராமத்து, மகமை, மொய், களஞ்சியம் ஆகியவை அனைத்தும் பலர் கூடி ஒரு பொதுப் பணிக்கோ ஒருவரது தேவைக்கோ நிதி சேர்த்த முறைகளே. இந்நிதிகள் எப்போது நிலைத்தன, எப்போது சிதைந்தன என்பதை அறிவது, இத்தகைய நிலத்துக்காக ஒரு திரள்நிதித் தளத்தை உருவாக்க முனைவோருக்கு முதன்மையான பாடமாகும்.

வட்டாரத்தின் இயல்பு

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கரிசல் மண் பரவிய வறண்ட சமவெளியில் அமைந்துள்ளன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகச் சில நாள்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. மேற்கே மலைப்பகுதியில் தோன்றித் திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்லும் குண்டாறு வற்றாத ஆறு அன்று. மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் வரும். மற்ற மாதங்களில் மணல் தெரியும். 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மதுரை, மேலூர்ப் பகுதி வயல்களை மாற்றியமைத்தபோதும் இவ்வட்டாரம் அப்பாசனத்துக்கு வெளியே நின்றது. காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது.

எனவே இங்குள்ள வேளாண்மை இரு தூண்களை நம்பியது. ஒன்று, பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி முதலிய மானாவாரிப் பயிர்கள். மற்றொன்று, மழைநீரைத் தேக்கும் கண்மாய்களும் ஊருணிகளும். ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும்படி சங்கிலித் தொடராக இவை வெட்டப்பட்டிருந்தன. மேலே உள்ள கண்மாயின் கரை உடைந்தால் கீழே உள்ள ஊரும் பாதிக்கப்படும். வரத்துக்கால் தூர்ந்தால் மழை பெய்தும் கண்மாய் நிரம்பாது. இந்த அமைப்பைத் தனி ஒருவரால் பேண முடியாது. பொது உழைப்பும் பொது நிதியும் இல்லாமல் இங்கு நீர் இல்லை என்பதே இவ்வட்டாரத்தின் அடிப்படை உண்மையாகும்.

கண்மாய்களும் பழைய பொதுநிதியும்

நீர்நிலைப் பராமரிப்புக்குத் தனி அமைப்பும் தனி வருவாயும் ஒதுக்குவது தமிழகத்தில் பழைய வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவைப் பற்றிக் குறிப்பிடுகின்றன. ஏரியில் மண் அள்ளுவதற்காகப் பொன்னும் நிலமும் கொடையாக அளித்து, அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் செலவு செய்ய ஏற்பாடு செய்த கல்வெட்டுச் செய்திகளும் உள்ளன. முதல் கரையாமல் அதன் விளைவிலிருந்து மட்டும் பராமரிப்புச் செலவு நடக்க வேண்டும் என்பது இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

பிற்காலத்தில் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்கள் வேறு வகைப் பங்கீட்டால் நடந்தன. மடையைத் திறந்து மூடி, வயல்களுக்கு நீரைப் பிரித்துக் கொடுக்கும் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் போன்ற பணியாளர்களுக்கு அறுவடைக் களத்தில் தானியமே கூலியாக அளிக்கப்பட்டது. கரையைச் செப்பனிடவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் நிலமுடையோர் தத்தம் பங்குக்கு ஏற்ப ஆள் அனுப்பினர். கண்மாய் வற்றும்போது மீன் பிடிக்கும் உரிமையையும், கரையில் நின்ற மரங்களின் மகசூலையும் ஏலம் விட்டுக் கிடைத்த பணம் ஊர்ப் பொதுவில் சேர்ந்தது. கோயில் கொடைக்கும் கண்மாய் வேலைக்கும் அதிலிருந்தே எடுத்துச் செலவிட்டனர்.

இம்முறையை முற்றிலும் பொற்காலமாகக் கருதுவது பிழை. சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை நெடுங்காலம் ஆய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல், நீர்ப்பங்கீடு சாதி, அதிகாரம், மரியாதை ஆகியவற்றோடு பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டுகிறது. மடையில் நின்று உழைத்தவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். நீரைப் பற்றி முடிவெடுத்தவர் நிலமுடையோர். பெண்களுக்கு ஊர்க் கூட்டத்தில் இடமில்லை. பொதுநிதி என்ற சொல்லில் உள்ள ‘பொது’ யாரைக் குறிக்கிறது என்ற கேள்வி அன்றே இருந்தது.

குடிமராமத்தும் ஜமீன் ஆட்சியும்

குடிமக்கள் தாமே செய்யும் பழுதுபார்ப்பு குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சி இவ்வழக்கத்தைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்க முயன்றது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், வழக்கமான குடிமராமத்துப் பணிக்கு வராதவரிடமிருந்து அதற்கு ஈடான தொகையை வசூலிக்க இடமளித்தது. ஆனால் நடைமுறையில் அச்சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. ஊராரின் ஒப்புதலால் நடந்த ஒரு கடமை, அரசாணையால் மீண்டும் உயிர்பெறவில்லை.

இப்பகுதியின் பெரும்பகுதி 1803இல் நிலையான ஜமீனாக்கப்பட்ட இராமநாதபுரம் ஜமீனுக்குள் அடங்கியிருந்தது. ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் நிலையாக வரையறுக்கப்பட்டது. கண்மாயில் முதலிட்டால் அதன் பலன் கிடைக்க ஆண்டுகள் ஆகும். கடனில் மூழ்கிய ஜமீன் அதற்குக் காத்திருக்கவில்லை. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம், பாசன வேலைகளைச் செப்பனிடும்படி குடியானவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட வழிவகுத்ததே, அவ்வேலைகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததற்குச் சான்றாகும். 1876–78 பெரும் பஞ்சத்தின் போதும் அதற்கு முன்பின்னும் இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளுக்கு மக்கள் பெருமளவில் பிழைக்கச் சென்றனர். கரை கட்ட வேண்டிய கைகள் கடல் கடந்தன.

1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. ஏறத்தாழ 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஏலப் பணமும் அரசுக் கணக்குகளுக்குத் திசைமாறியது. பராமரிக்கும் பொறுப்பு ஓரிடத்திலும், நீரின் தேவை வேறிடத்திலும் என்ற பிளவு ஏற்பட்டது. அதே காலத்தில் மின்மோட்டார்க் கிணறுகள் பெருகியதால் வசதியுள்ளவர்களுக்குக் கண்மாயின் தேவையும் குறைந்தது. தூர்ந்த கண்மாய்களைச் சீமைக்கருவேல மரங்கள் மூடின. அவற்றை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு வருவாயானது. ஆகவே சீமைக்கருவேலத்தை அகற்றுவது கூட இங்கு எளிய சூழலியல் கேள்வியாக இல்லாமல், பிழைப்பு பற்றிய கேள்வியாகவும் இருக்கிறது.

மகமை

நீர்நிலை நிதி தளர்ந்த அதே காலத்தில் இவ்வட்டார நகரங்களில் வேறொரு பொதுநிதி வலுப்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெற்கிலிருந்து வணிகத்துக்காக வந்த நாடார்கள் இராமநாதபுரம் சீமையில் பேட்டைகள் அமைத்துக் குடியேறினர். அருப்புக்கோட்டையும் அதையடுத்த பாளையம்பட்டியும் அவ்வாறு அமைந்த ஊர்களுள் அடங்கும். ஒவ்வொரு பேட்டையிலும் உறவின்முறை என்னும் ஊர் அமைப்பு இருந்தது. ஒவ்வொரு வணிகரும் தாம் விற்கும் அல்லது வாங்கும் சரக்கின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகையை உறவின்முறைக்குச் செலுத்தினர். இதுவே மகமை எனப்பட்டது.

பேட்டையின் பாதுகாப்பு, கோயில், கிணறு, சத்திரம் ஆகியவற்றுக்குப் பயன்பட்ட மகமைப் பணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பியது. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அவ்வாறு வளர்ந்ததே; கு. காமராசர் அங்கு பயின்றார். வீடுதோறும் அன்றாடம் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்துப் பள்ளிக்கு வழங்கும் பிடியரிசி முறையும் அந்நகரில் இருந்தது. அருப்புக்கோட்டையின் சைவபானு சத்திரியக் கல்வி நிறுவனங்களும் இம்மரபில் தோன்றியவை.

மகமையின் வெற்றிக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவதாக, அது ஒருமுறை நன்கொடை அன்று. வணிகம் நடக்கும் நாளெல்லாம் வந்துகொண்டிருக்கும் வருவாய். இரண்டாவதாக, அதன் கணக்கு உறவின்முறைக் கூட்டத்தில் வைக்கப்பட்டது. கொடுத்தவரும் செலவிட்டவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மூன்றாவதாக, பலன் கண்ணெதிரே நின்றது. அதன் எல்லையும் இங்கேயே இருந்தது. மகமை ஒரு சமூகத்தின் நிதி. அதன் பள்ளிகள் பிற சமூகத்தினருக்கும் திறந்திருந்தாலும், நிதியின் முடிவுகள் அச்சமூகத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டன.

மொய் எழுதும் வழக்கமும் திரள்நிதியின் மற்றொரு வடிவமே. திருமணம், காதணி விழா முதலியவற்றில் உற்றார் உறவினர் தரும் பணம் நோட்டில் பெயரோடு பதிவாகிறது. அவர்கள் வீட்டு விழாவில் அது திருப்பிச் செய்யப்படுகிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமோ வட்டியோ இல்லாத இக்கடனை நடத்துவது அந்த நோட்டும், ஊரார் முன் இருக்கும் மதிப்பும் மட்டுமே.

வயலகமும் புதிய குடிமராமத்தும்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொதுநிதி மீண்டும் கண்மாயை நோக்கித் திரும்பியது. மதுரையில் 1990இல் தொடங்கிய களஞ்சியம் இயக்கம், கிராமப் பெண்களின் சிறுசேமிப்பைக் குழு நிதியாக மாற்றி, அதிலிருந்து அவர்களுக்கே கடன் வழங்கியது. 1992இல் கண்மாய்ப் புனரமைப்புப் பணி தொடங்கியது. இது வயலகம் எனப் பெயர் பெற்றது. 1997இல் உருவான தானம் அறக்கட்டளை இவ்விரு பணிகளையும் முன்னெடுத்தது. குண்டாற்று வடிநிலமும் இவ்வமைப்பின் பணிப்பகுதிகளுள் ஒன்றாயிற்று.

வயலகத்தின் அடிப்படை விதி எளியது. வெளியிலிருந்து நிதி வந்தாலும், செலவில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ விவசாயிகளே தர வேண்டும். பணி முடிந்தபின் பராமரிப்புக்காகச் சங்கத்திடம் ஒரு நிலைநிதி இருக்க வேண்டும். ஏரியில் மண் அள்ளப் பொன் வைத்த கல்வெட்டுக் கால ஏற்பாட்டின் நிழலை இதில் காணலாம்.

தமிழ்நாடு அரசு 2017இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பணி மதிப்பில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் சங்கம் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஏற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெரும்பகுதி அரசு நிதி என்பதால், பழைய குடிமராமத்திலிருந்து இது தன்மையில் வேறுபட்டது.

நிலைபேறு வேளாண்மையின் வருகை

பெர்மாகல்ச்சர் என்னும் கருத்தை ஆஸ்திரேலியாவின் தாசுமேனியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரெனும் உருவாக்கினர். அவர்களது முதல் நூல் 1978இல் வெளிவந்தது. பண்ணையை ஒரு காட்டைப் போல அமைத்தல், மழைநீரைச் சரிவின் குறுக்கே நிறுத்தி மண்ணுக்குள் இறக்குதல், ஆண்டுப் பயிரோடு நெடுங்கால மரங்களைச் சேர்த்தல், ஒன்றின் கழிவை மற்றொன்றின் உணவாக்குதல் ஆகியவை அதன் கூறுகள். 1980களில் மொல்லிசன் இந்தியாவுக்கு வந்து பயிற்சி அளித்தார். தக்காணத்தின் வறண்ட பகுதியில் அக்கருத்து வேரூன்றியது. 2017இல் பன்னாட்டு பெர்மாகல்ச்சர் மாநாடு ஐதராபாத்தில் நடைபெற்றது.

தமிழகத்தில் இதற்கு இணையான சிந்தனையைப் பரப்பியவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). கரிசல் வட்டாரமான கோவில்பட்டியின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றிய அவர், மழையை நம்பிய ஏழை விவசாயிக்கு விலையுயர்ந்த இடுபொருள் ஆராய்ச்சியால் பயனில்லை என்று கருதிப் பணியைத் துறந்தார். பின்னர் களக்காட்டில் அமைதித் தீவு அமைப்பில் பணிபுரிந்து, 2009இல் கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் வானகம் பண்ணையை நிறுவினார். வறண்ட பாறை நிலத்தில் வரப்பும் குழியும் வெட்டி மரம் வளர்த்துக் காட்டியது வானகத்தின் சிறப்பு.

கரிசல் விவசாயிக்கு இக்கூறுகளில் பல புதியவை அல்ல. கோடை உழவு, வரப்பு உயர்த்துதல், பருத்தியோடு உளுந்து ஊடுபயிரிடுதல், கிடை போடுதல், கிளுவை வேலி, வரப்பில் பனை ஆகியவை அவர் அறிந்தவை. புதியது, இவற்றை ஒரே வரைபடத்தில் இணைத்துத் திட்டமிடுவது. சிக்கல் செலவில் உள்ளது. ஒரு பண்ணைக் குட்டை வெட்டவும், வரப்பு போடவும், கன்றுகளுக்கு முதல் மூன்று கோடைகளில் நீர் ஊற்றவும் பணம் முதலிலேயே வேண்டும்; மரத்தின் பலனோ ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்தே வரும். அறுவடைக்கு அறுவடை திருப்பிக் கட்ட வேண்டிய பயிர்க்கடன் இதற்குப் பொருந்தாது. இந்த இடைவெளியைத்தான் திரள்நிதி நிரப்பக்கூடும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர்.

இணையத் திரள்நிதியின் வளர்ச்சி

இணையத்துக்கு முன்பே திரள்நிதிக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள் உண்டு. 1885இல் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்கான பீடத்துக்காக ஜோசப் புலிட்சரின் செய்தித்தாள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. கொடுத்தவர் பெயரெல்லாம் அச்சிடப்பட்டன. கன்னியாகுமரியில் 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்கு நாடெங்கும் ஒரு ரூபாய் நன்கொடைகள் திரட்டப்பட்டன. சியாம் பெனகல் இயக்கிய மந்தன் என்னும் இந்தித் திரைப்படம் (1976) குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்ததால் உருவானது. நகரத்தார் கிராமத்துக்குக் கொடுக்கும் வழக்கமான திசைக்கு மாறாக, கிராமத்தவரே நிதி தந்தது அதன் தனிச்சிறப்பு.

2005இல் கீவா, 2008இல் இண்டிகோகோ, 2009இல் கிக்ஸ்டார்ட்டர் ஆகிய தளங்கள் அமெரிக்காவில் தோன்றின. இந்தியாவில் 2008இல் ரங் தே, 2010இல் மிலாப், 2012இல் கேட்டோ ஆகியவை தொடங்கப்பட்டன. பெர்மாகல்ச்சர் பணிகளுக்கென்றே வீ த ட்ரீஸ் என்னும் தளம் 2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இயங்கியது. இந்தியத் தளங்களில் நாளடைவில் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்களே மிகுந்தன. உயிர் காக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் கிடைக்கும் உடனடி இரக்கம், பத்தாண்டு கழித்து நிழல் தரும் மரத்துக்குக் கிடைப்பதில்லை.

தமிழகத்தில் நீர்நிலைகளுக்காகப் பொதுமக்கள் நிதி திரட்டிய முயற்சிகள் சில நன்கு அறியப்பட்டவை. கோயம்புத்தூரில் 2003இல் தொடங்கிய சிறுதுளி அமைப்பு நொய்யல் வடிநிலக் குளங்களைச் சீரமைத்தது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பின், பேராவூரணிப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்னும் அமைப்பை உருவாக்கினர். ஊராரும் வெளிநாட்டில் வாழும் அவ்வட்டாரத்தவரும் தந்த நன்கொடையால் 2019இல் பேராவூரணி பெரியகுளம் தூர்வாரப்பட்டது. இப்பகுதி மொய் விருந்துக்குப் பெயர்பெற்றது என்பது தற்செயலன்று. நோட்டில் பெயர் எழுதிக் கொடுக்கும் பழக்கம் உள்ள ஊரில் நன்கொடைக் கணக்கு புதிய செய்தி அல்ல.

ஏமாற்றங்களும் சட்டங்களும்

நிலத்தின் பெயரால் பொதுமக்களிடம் பணம் திரட்டிய வரலாற்றில் கசப்பான பக்கங்களும் உள்ளன. 1990களில் தேக்கு மரம் வளர்த்துப் பல மடங்கு பணம் தருவதாக விளம்பரம் செய்த நிறுவனங்கள் தமிழகமெங்கும் முதலீடு திரட்டின. 1998இல் அவற்றுள் பெரியதொரு நிறுவனம் முடங்கியபோது நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. அதன் விளைவாகவே செபி 1999இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. 2012இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. பார்க்காத நிலத்தில் வளராத மரத்துக்குப் பணம் கொடுத்த நினைவு மக்களிடம் இன்னும் மறையவில்லை.

இன்றைய சட்டநிலையில் திரள்நிதியை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

நன்கொடை: பலன் எதிர்பாராமல் தருவது. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியே வந்தால், உரிய ஒப்புதல் இருப்பின், வருமானவரிச் சட்டத்தின்படி கொடையாளருக்குச் சலுகை உண்டு.

பரிசு அல்லது முன்விற்பனை: கொடுத்த தொகைக்கு ஈடாகப் பிற்பாடு விளைபொருள் பெறுவது. குதிரைவாலி அரிசி, மல்லி, கருப்பட்டி போன்றவை இதற்கு ஏற்றவை.

கடன்: இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தனிநபர்களிடையே கடனை இணைக்கும் தளம் பதிவு பெற்ற நிதி நிறுவனமாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது.

பங்கு முதலீடு: 2014இல் செபி கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டபோதும், இணையம் வழியே பொதுமக்களிடம் சிறு பங்குகளை விற்பதற்குத் தனி விதி உருவாகவில்லை. தனியார் நிறுவனம் ஓராண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வழங்க அழைக்க இயலாது.

வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். 2020 திருத்தத்துக்குப் பின் அத்தொகை முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். எனவே சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ குடியுரிமை பெற்று வாழும் தமிழர், தம் பாட்டன் ஊர்க் கண்மாய்க்குப் பணம் அனுப்புவது விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது அச்சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை.

வறண்ட நிலத்துக்கான தளம்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, இவ்வட்டாரம் போன்ற பகுதிக்கு ஒரு திரள்நிதித் தளம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குச் சில நெறிகள் கிடைக்கின்றன.

முதலாவது, நில உரிமை. தனியார் பட்டா நிலம், ஊராட்சி ஊருணி, நீர்வளத் துறைக் கண்மாய் ஆகிய மூன்றுக்கும் அனுமதி வேறு வேறு. கண்மாயில் மண் எடுக்கவும் மரம் வெட்டவும் அரசு அனுமதி வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் புல எண், பட்டா அல்லது கிராம சபைத் தீர்மானம், துறை அனுமதி ஆகியவை தளத்தில் முன்னரே காட்டப்பட வேண்டும். குத்தகை நிலத்தில் மரம் நட்டால் அதன் பலன் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் நன்கொடையால் உயர்ந்த நிலமதிப்பு நிலவுடையவரையே சேரும்.

இரண்டாவது, காலம். மண்வேலை பங்குனி முதல் ஆனி வரையிலான கோடையில்தான் நடக்கும். புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிடும். ஆகவே நிதி திரட்டும் வேண்டுகோள் தை, மாசி மாதங்களில் முடிய வேண்டும். ஆவணியில் திரண்ட பணம் அடுத்த கோடை வரை காத்திருக்கும். அதற்குள் கொடையாளரின் பொறுமை வற்றிவிடும்.

மூன்றாவது, பணம் விடுவிக்கும் முறை. முழுத் தொகையையும் ஒரே தவணையில் தராமல், வரப்பு முடிந்ததும் ஒரு பங்கு, குட்டை முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோடையைக் கடந்த கன்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்தபின் ஒரு பங்கு எனப் பிரிக்கலாம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிட இரண்டாம் வைகாசியில் உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையே உண்மையான கணக்கு.

நான்காவது, பராமரிப்பு. இணையத்தளங்கள் புதிய வேலைக்குப் பணம் திரட்டுவதில் தேர்ந்தவை. பழைய வேலையைக் காப்பதற்கு அவற்றில் பணம் வருவதில்லை. குட்டை வெட்டும் படம் ஈர்க்கும்; ஐந்தாம் ஆண்டில் அதில் படிந்த வண்டலை அள்ளும் படம் யாரையும் ஈர்ப்பதில்லை. எனவே திரளும் தொகையில் ஒரு பங்கை ஊர்ச் சங்கத்தின் பெயரில் நிலைவைப்பாக ஒதுக்குவது இன்றியமையாதது. விற்பனையாகும் விளைபொருளுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று சங்கத்துக்குச் செலுத்தும் மகமை முறையும் இதற்குப் பொருந்தும். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்ற உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதை நடத்த ஏற்ற அமைப்பு.

ஐந்தாவது, கணக்கு. 2016க்குப் பின் யூபிஐ வழியே பத்து ரூபாயும் செலவின்றி அனுப்ப முடிகிறது. பணம் வரும் வழி எளிதாகிவிட்டது; அது போகும் வழியைக் காட்டுவதே கடினம். செலவுக் கணக்கு தமிழில் தளத்தில் மட்டுமன்றி ஊர்ச் சாவடியிலும் ஒட்டப்பட வேண்டும். நகரத்துக் கொடையாளர் கேள்வி கேட்பார் என்பதைவிட, பக்கத்து வயல்காரர் கேள்வி கேட்பார் என்பதே வலுவான காவல்.

மதிப்பீடு

திரள்நிதித் தளங்களைப் பற்றிய முதன்மையான குறை, கதை சொல்லத் தெரிந்தவருக்கே பணம் சேர்கிறது என்பதாகும். நல்ல கைப்பேசி, படம் எடுக்கத் தெரிந்த பிள்ளை, வெளியூரில் உறவினர் ஆகியவை உள்ள விவசாயி எளிதில் நிதி பெறுவார். நிலமற்ற கரிமூட்டத் தொழிலாளியும், ஆடு மேய்க்கும் விதவைப் பெண்ணும் தளத்தில் தோன்றவே மாட்டார்கள். கண்மாய் நிதியில் மடையில் நின்றவருக்குக் குரல் இல்லாதது போன்ற நிலை புதிய வடிவில் தொடரக்கூடும். விருதுநகரும் இராமநாதபுரமும் 2018இல் ஒன்றிய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இடம்பெற்றவை என்பதை எண்ணும்போது, அரசு செய்ய வேண்டிய கடமையை நன்கொடையாளர் மீது தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. நூற்றுக்கணக்கான கண்மாய்கள் கொண்ட ஒரு வடிநிலத்தை நன்கொடையால் மட்டும் சீரமைக்க முடியாது. சங்கிலியில் ஒரு கண்மாயை மட்டும் சீரமைத்தால் அதன் பயனும் பாதியே.

எனினும் திரள்நிதி செய்யக்கூடிய ஒரு பணி உண்டு. அரசுத் திட்டம் கேட்கும் பத்து விழுக்காட்டுப் பங்கைத் திரட்ட முடியாமல் நிற்கும் சங்கத்துக்கு அது கைகொடுக்கலாம். வங்கி ஏற்காத நெடுங்காலப் பணிக்கு முதல் மூன்று ஆண்டுச் செலவைத் தரலாம். ஊரைவிட்டுச் சென்றவர்களை மீண்டும் ஊர்க் கணக்கில் சேர்க்கலாம். இவ்வட்டாரத்தின் பழைய நிதிகள் உணர்த்துவது இதுதான்: பணம் பலரிடமிருந்து வருவதால் மட்டும் ஒரு நிதி பொதுநிதி ஆகிவிடுவதில்லை. செலவை முடிவெடுப்பதிலும் கணக்குக் கேட்பதிலும் பலருக்கு இடம் இருக்கும்போதே அது பொதுநிதியாகிறது. ஏரி வாரியம் முதல் வயலகம் வரை நிலைத்தவை அவ்வகை நிதிகளே. இணையத்தளம் என்பது அந்தப் பழைய நோட்டின் புதிய பக்கம் மட்டுமே.